பெடல் சும்மா சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை: டொராண்டோ குளிரில் சைக்கிள்

வணக்கம் நண்பரே. மைனஸ் 15-இல் காலையில் கிளம்பினால் பெடல் காற்றில் மிதிப்பதுபோல் சுற்றுகிறது, கடையில் காட்டினால் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடைக்குள் ஹீட்டர் ஓடுகிறதே, அங்கே எப்படிக் குறை தெரியும்!

கோளாறு பெரும்பாலும் பின்சக்கரத்தின் ஃப்ரீவீலில்தான், அதாவது மிதிக்காதபோதும் சக்கரத்தை ஓடவிடும் பகுதியில். உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்ன நாக்குகள் இருக்கும். மிதிக்கும்போது அவைதான் பல்லில் மாட்டிச் சக்கரத்தை இழுக்கும். குளிரில் பழைய கிரீஸ் கெட்டியாகிவிட்டாலோ, ஈரம் புகுந்து உறைந்தாலோ அவை மடங்கியபடியே ஒட்டிக்கொள்ளும். எனக்கும் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் முதல் வருஷம் இதேதான். பஸ் நிறுத்தம் வரை தள்ளிக்கொண்டே போனேன்.

கடையில் ஃப்ரீவீலைக் கழற்றித் துடைத்து, அந்த நாக்குகளுக்குக் கிரீஸ் வேண்டாம், மெல்லிய எண்ணெய் மட்டும் போடச் சொல்லுங்கள். வெந்நீர் ஊற்றும் யோசனை வேண்டாம். அப்போதைக்கு இளகும், அந்தத் தண்ணீரே மறுபடி உறையும்.

அப்புறம், பனி ஒட்டிய சைக்கிளை இரவு வீட்டுக்குள் வைக்கிறீர்களா? உருகிய நீர் உள்ளே இறங்கி, காலையில் வெளியே எடுத்ததும் உறைகிறது. கூரையுள்ள குளிர்ந்த இடமே மேல். உள்ளேதான் வைக்க வேண்டுமென்றால் நன்றாகக் காயவிட்டு எடுங்கள்.

டயரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெறும் பனிக்குச் சாதா டயர் சமாளிக்கும். கண்ணாடி மாதிரி ஐஸுக்கு ஆணி பதித்த டயர்தான், முன்சக்கரத்துக்காவது. செயினில் சாலை உப்பு படியும்; வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள்.