நீலக் கேடயம், பொன் லில்லி: மன்னருடைய ஏடா?

நீங்கள் படம் போட்டிருக்கும் இடைக்காலக் கையெழுத்துச் செபப் புத்தகத்தில் வரைந்திருக்கும் குலச்சின்னக் கேடயம் நீலம், முழுக்கப் பொன் லில்லிகள், அதனால் இது பிரெஞ்சு மன்னருடையது என்கிறீர்கள். படத்தில் கேடயத்தின் விளிம்பைப் பாருங்கள்: பல்பல்லாக வெட்டிய சிவப்புக் கரை. மன்னரின் சின்னத்தில் இது இருக்காது; இளைய மகன்களின் சின்னத்தில் இப்படி ஒரு வேறுபாடு சேர்ப்பார்கள். இது பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்லஸின் தம்பி, பெர்ரி கோமகன் ழான் (இறப்பு 1416) சின்னம். பக்க ஓரத்தில் அவருடைய தனி அடையாளங்களான கரடியோ காயம்பட்ட அன்னமோ இருந்தால் இன்னும் உறுதி.

ஆனால் ஏட்டைச் செய்வித்தவரும் அவரேதானா என்பது வேறு கேள்வி. கைமாறிய ஏட்டில் பழைய சின்னத்தைச் சுரண்டிவிட்டுப் புதியதை வரைவது சாதாரணம். நூலகத்தில் நேரில் பார்க்க முடிந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்: சுரண்டிய இடத்தில் பக்கத்தின் தோல் சொரசொரப்பாகத் தெரியும், மேல்பூச்சு தடித்து, ஓரத்தில் வரைந்த கொடி அலங்காரத்தின் மேல் ஏறியிருக்கும். மற்றப் பக்கங்களில் உள்ள கேடயங்களில் கறுப்பைக் கண்டால் அதுவே சின்னத்தின் நிறம் என்று அவசரப்படாதீர்கள், வெள்ளிப் பூச்சு கறுத்திருக்கலாம்.