பழைய வீட்டில் கடை: யாழ்ப்பாண வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பூட்டனார் கட்டின, நடுவில் முற்றமுள்ள நாற்சார் வீடு, நூறு வருடம் தாண்டிவிட்டது. புடைவைக்கடை போட அனுமதி வேணுமா? (வண்ணார்பண்ணை)

நூறு வயதானதால் மட்டும் அது பாதுகாக்கப்பட்ட கட்டடம் ஆகிவிடாது. அப்படி ஆக, அரசு அதை வர்த்தமானியில் அறிவித்திருக்க வேண்டும். தொல்பொருள் திணைக்களத்தில் முதலில் அதை விசாரியுங்கள். அறிவித்திருந்தால், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி திருத்தவும் மாற்றவும் கூட்டிக் கட்டவும் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். வீடு உங்களுடையதாகவே இருக்கும். அறிவிக்காவிட்டாலும், குடியிருந்த வீட்டைக் கடையாக்க மாநகர சபையிடம் போகத்தான் வேண்டும்.

திண்ணையை இடித்து ஷட்டர் போட்டால் வாடகை கூடவாம். செய்யலாமா? (மானிப்பாய்)

தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த வீடுகளில் கொங்கிறீற்றுத் தூணும் வளையும் இல்லை. கூரைப் பாரத்தை முழுக்கச் சுவரே தாங்குகிறது. ஷட்டருக்காக அகலமாக வெட்டினால் மேலே வெடிப்பு ஓடும். தலைமுறைகள் உட்கார்ந்து வழவழப்பான திண்ணை விளிம்பைவிட நல்ல வரவேற்பு எந்தக் கடைக்கு உண்டு? பழைய கதவையே திறந்து வையுங்கள். றாக்கைகளைச் சுவரில் ஆணி அடிக்காமல் நிலத்தில் நிற்க விடுங்கள். நடுமுற்றத்தைத் தகரத்தால் மூடவும் வேண்டாம்; சூடு வெளியேறுவது அந்த முற்றத்தின் வழியாகத்தான்.

சீமெந்து பூசி இரண்டு மாரிதான். சுவர் பொரிந்து கொட்டுகிறது. மேசன் பிழையா? (குருநகர்)

மேசனில் பிழையில்லை, சீமெந்துதான் காரணம். கொட்டுகிற தூளை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். நிலத்து ஈரம் உப்போடு சுவரில் ஏறும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தைக் காற்றுக்கு விட்டுவிடும். சீமெந்து அடைத்து வைக்கும். உள்ளே உப்பு திரண்டு பூச்சைத் தள்ளும். சீமெந்தைக் கவனமாக உரித்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, நீற்றின சுண்ணாம்பும் மணலும் பூசுங்கள். மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும். இதில் அவசரப்பட்ட எத்தனையோ வீடுகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பெயர்ப்பலகை?

சுவரில் துளையிடாமல், படலையடியில் தனிக்கம்பம் நட்டு மாட்டுங்கள்.

எங்கள் ஊரின் பழைய கட்டடமான மந்திரிமனை இடிந்ததைப் பார்த்துப் பயமாயிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு எதை முதலில் செய்வது? (நல்லூர்)

2025 செப்டெம்பர் மழையில் அதன் ஒரு பகுதி விழுந்தபோது எனக்கும் நெஞ்சு பதறியது. பழைய சுவரைக் கொல்வது தண்ணீர்தான். கடை அலங்காரத்துக்கு ஒதுக்கிய காசில் முதலில் கூரையைப் பாருங்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள், பீலியில் சருகை அள்ளுங்கள், பனஞ்சிலாகையைத் தட்டிக் கறையான் பாருங்கள். ஐப்பசி பிறக்க முன் முடித்துவிடுங்கள்.