வீட்டுக் கணினியில் குரல் பதிவு செய்ய 10,000 ரூபாய்க்குள் என்ன மைக், என்ன மென்பொருள் வாங்கலாம்?

லேப்டாப் இருக்கிறது, கையில் 10,000 ரூபாய் இருக்கிறது, வீட்டிலிருந்தே கதைகள் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும், ஸ்டூடியோ தரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே வந்திருக்கும் பதில்கள் எல்லாம் மைக் பெயர்களாகவே இருக்கின்றன. ஒருவர்கூட நீங்கள் எந்த அறையில் உட்காரப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சவுண்ட் இன்ஜினியர் இல்லை, பாடகியும் இல்லை. திருச்சியில் என் வீட்டிலிருந்தே, பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். பல வருடங்களாகச் செய்கிறேன். "பாடம் வாசிக்கிறதுக்கு என்ன பெரிய தரம்?" என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். சினிமாப் பாட்டை ஐந்து நிமிடம் கேட்கிறோம். இந்தப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் காதில் இயர்போனை மாட்டினால் மணிக்கணக்கில் கழற்றுவதில்லை. அதுவும் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். பதிவில் இருக்கும் சின்னக் குறைகூட அந்த வேகத்தில் காதைக் குத்தும். இவர்களைவிடக் கறாரான காதுகளை நான் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் நான் வாசித்து அனுப்பிய ஒரு வரலாற்றுப் பாடத்தைக் கேட்டுவிட்டு ஒரு மாணவர் போன் செய்தார். "அக்கா, வாசிப்பு நல்லா இருக்கு. ஆனா பின்னாடி 'உம்'னு ஒரு சத்தம் விடாம வருது. ஒரு மணி நேரம் கேட்டா தலை வலிக்குது. அப்புறம், நீங்க சாமான் இல்லாத பெரிய ரூம்ல உக்காந்திருக்கீங்களா?" என்றார். அவர் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. நான் உட்கார்ந்திருந்தது மொசைக் தரை போட்ட ஹால்தான். மேலே கான்கிரீட், சுற்றிலும் வெறும் சுவர், ஓரத்தில் ஒரு ஸ்டீல் பீரோ, அவ்வளவுதான். என் குரலை வைத்தே அந்த மனிதர் என் ஹாலைச் சொல்லிவிட்டார்.

அந்த 'உம்' லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்காது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது பதிவுக்குள் கசிந்தால் 50, 100, 150 என்று அடிக்குரலில் வரும். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கருக்கு அந்த ஆழமான ஒலியை எழுப்பும் சக்தி கிடையாது. பக்கத்து வீட்டுப் பையனின் நல்ல ஹெட்போனை வாங்கி மாட்டிக் கேட்டேன், தெளிவாகக் கேட்டது. சார்ஜர் வயரை லேப்டாப்பிலிருந்து பிடுங்கிவிட்டு மறுபடி பதிவு செய்தேன், நின்றுவிட்டது. பேட்டரியில் ஓடும்போது உம் இல்லை. ஒரு பைசா செலவில்லை. நீங்களும் முதலில் இதைச் செய்து பாருங்கள். எல்லா லேப்டாப்பிலும் இந்தத் தொல்லை இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த மைக் வாங்கினாலும் அது போகாமலே இருக்கலாம்.

அடுத்தது அறை. உங்கள் வீட்டில் ஒவ்வோர் அறையாகப் போய் பலமாக ஒரு தடவை கை தட்டுங்கள். ஹாலில் தட்டினால் தட்டலுக்குப் பின்னால் 'ணிங்' என்று ஒரு வால் தொங்கும். துணிக் கொடியும் மெத்தையும் உள்ள சின்ன அறையில் சத்தம் தட்டிய இடத்திலேயே அடங்கிவிடும். அதுதான் உங்கள் ஸ்டூடியோ. நான் துணி மடித்து அடுக்கும் சின்ன அறைக்கு மாறினேன். எதிர்ச்சுவரில் ஜமுக்காளத்தை இரட்டையாக மடித்து ஆணியில் தொங்கவிட்டேன், முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தேன். பீரோவை மட்டும் வெளியே தள்ளச் சொன்னேன். இரும்புத் தகடு குரலுக்குக் கூடவே அதிரும், சந்தேகம் இருந்தால் காதை வைத்துக்கொண்டு சத்தமாக ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அந்த மெல்லிய அட்டை ஒலியைப் பெரிதாக உறிஞ்சாது, தீப்பிடிக்கும் பொருள் வேறு. உறிஞ்சுவதற்குக் கனமும் தடிமனும் உள்ள துணியோ பஞ்சோ வேண்டும்.

இதெல்லாம் எதிரொலியைக் குறைக்கும். தெருச் சத்தத்தை நிறுத்தாது, இரண்டும் வேறு வேறு. தெருச் சத்தத்துக்கு நேரம்தான் மருந்து. நான் விடியற்காலையில், தண்ணீர் மோட்டார் போடுவதற்கு முன்னால் வாசித்து முடித்துவிடுவேன். ஃபேனை அணைத்துத்தான் ஆக வேண்டும். சித்திரையில் அது எவ்வளவு கஷ்டம் என்று திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். ஆடி மாதத்தில் கோயில் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் அந்த வாரம் பதிவே கிடையாது.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். விலைகள் கடைக்குக் கடை மாறும் என்பதால் தோராயமாகவே சொல்கிறேன், யாரும் "என் ஊரில் 200 ரூபாய் குறைவு" என்று சண்டைக்கு வர வேண்டாம்.

முதல் செலவு ஹெட்போனுக்கு. காதை முழுக்க மூடும் வகை, வயர் உள்ளது. ப்ளூடூத் வேண்டாம், தாமதம் வரும். ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி.எச்.-எம்20எக்ஸ் போன்ற ஒன்று இந்த வேலைக்குத் தாராளம். அது பட்ஜெட்டில் பாதியைத் தின்றுவிடும் என்று தோன்றினால் அதைவிட மலிவான, காதை மூடும் வேறொன்றை வாங்குங்கள். ஆனால் வாங்குங்கள். குறை காதில் விழாதவரை அதைச் சரிசெய்யவும் முடியாது.

மைக்கில் உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. பணம் மிகவும் இறுக்கம் என்றால் சட்டையில் குத்தும் போயா பி.ஒய்.-எம்1. நான் வாங்கியபோது 1,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 6 மீட்டர் வயர், உள்ளே ஒரு சின்ன பட்டன் பேட்டரி. இதன் வயர் முனை மொபைலுக்கு ஏற்றது, லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனி ஓட்டை இருந்தால் பிரிப்பான் வயர் ஒன்று தேவைப்படும். இது நாலா பக்கச் சத்தத்தையும் எடுக்கும் வகை. அதனால் அறை அமைதியாக இருந்தால் மட்டுமே ஒத்துவரும். என் முதல் இரண்டு முழுப் புத்தகங்களை இதில்தான் வாசித்தேன், மாணவர்கள் குறை சொல்லவில்லை.

கொஞ்சம் கூடச் செலவு செய்ய முடிந்தால், யூ.எஸ்.பி. உள்ள டைனமிக் மைக் (வாய்க்கு அருகில் வைத்துப் பேசும் வகை) வாங்குங்கள். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏ.டி.ஆர்.2100எக்ஸ் மாதிரி சிலவற்றில் யூ.எஸ்.பி.யும், ஸ்டூடியோக்களில் பயன்படும் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். இணைப்பும் இரண்டும் இருக்கும். இன்று நேராக லேப்டாப்பில் செருகலாம், நாளைக்குத் தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வாங்கினால் அதிலும் அதே மைக் ஓடும். மைக்கிலேயே ஹெட்போன் ஓட்டையும் உண்டு, உங்கள் குரலைத் தாமதம் இல்லாமல் கேட்டுக்கொண்டே வாசிக்கலாம்.

கண்டென்சர் மைக் (மெல்லிய சத்தத்தையும் நுணுக்கமாகப் பிடிக்கும் வகை) வைத்திருப்பவர்கள் இப்போது வருவார்கள் என்று தெரியும். கண்டென்சர் மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல அறை இருந்தால் அதில் வரும் துல்லியம் அழகானது. டைனமிக் மைக் வெளிச் சத்தத்தை மாயமாகத் தடுத்துவிடும் என்றும் சொல்லவில்லை. வாய்க்கு மிக அருகில் வைத்துப் பேசுவதற்கென்றே அது செய்யப்பட்டது, விஷயம் அவ்வளவுதான். மைக்கை 40 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் உங்கள் குரல் சுமார் 12 டெசிபல் கூடும். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் அப்படியே இருக்கும். குரல் கூடியதால் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைக்கலாம், குறைத்தால் எதிரொலியும் ஃபேன் சத்தமும் சேர்ந்தே கீழே போகும். மைக்கை அருகில் இழுப்பதற்கு ஈடான மேம்பாட்டை இந்தப் பட்ஜெட்டில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஸ்டாண்ட், ஸ்பாஞ்ச், வலை எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஆன்லைனில் வரும் 'ஸ்டூடியோ கண்டென்சர் செட்'களைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். உண்மையான ஸ்டூடியோ கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (வயர் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) வேண்டும், அதை லேப்டாப்பின் 3.5 மி.மீ. ஓட்டை தராது. செட்டோடு வரும் வயரின் முனையைப் படத்தில் பாருங்கள். 3.5 மி.மீ. பின் இருந்தால் அந்த 'ஸ்டூடியோ' என்ற சொல்லை நம்ப வேண்டாம்.

ப, ம்ப வரும் இடங்களில் காற்று மைக்கில் மோதி 'பொத்' என்று கேட்கும். பாப் ஃபில்டர் வாங்கலாம். எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்து மாட்டியும் செய்யலாம். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கமாகக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் பாதித் தொல்லை அதிலேயே போய்விடும்.

மென்பொருளுக்கு நீங்கள் பணமே செலவு செய்ய வேண்டாம். ஆடாசிட்டி போதும். 1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000-இல் வெளியானது, இன்றுவரை இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மோனோ (ஒரே தடம்), 44,100 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் குரலுக்கு ஸ்டீரியோ வீண். சத்தமாக வாசிக்கும் வரியில் மீட்டர் -12க்கும் -6 டெசிபலுக்கும் நடுவே ஏறினால் சரி. 0-வைத் தொட்டால் குரல் வெட்டுப்பட்டுச் சிதைந்துவிடும், அதை எந்த எஃபெக்டாலும் முழுசாக மீட்க முடியாது.

வாசிப்பவர்களுக்கு அதில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 'பஞ்ச் அண்ட் ரோல்' என்று பெயர், 2018-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து உண்டு. ஒரு வரியில் தடுமாறினால் நிறுத்துங்கள். அந்த வரியின் ஆரம்பத்தில் கர்சரை வைத்து ஷிஃப்ட்டோடு டி-யை அழுத்துங்கள். முந்தைய சில நொடிகள் ஹெட்போனில் ஓடும். அதே வேகம், அதே தொனியில் நீங்கள் தொடர்ந்து வாசிக்கலாம், தப்பான வரி தானாக அழிந்து புது வரி ஏறிவிடும். பதிவுக்குப் பிறகு உட்கார்ந்து வெட்டி ஒட்டும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் எஃபெக்டை (பின்னணிச் சத்தத்தைக் குறைப்பது) தொடும்போது கை கட்டுப்பாடாக இருக்கட்டும். ஒவ்வொரு பதிவின் ஆரம்பத்திலும் சில நொடி பேசாமல் இருங்கள், அந்த வெற்றுச் சத்தத்தைத்தான் அது மாதிரியாக எடுத்துக்கொள்ளும். குறைப்பு 6 டெசிபல் போதும், மிஞ்சினால் 9. அதற்கு மேல் போனால் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது மாதிரி ஆகிவிடும், இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் பிள்ளைகளுக்குச் சொற்களே பிடிபடாது. அளவுகோல் ஏதாவது வேண்டும் என்றால், ஒலிப் புத்தகங்களுக்கு ஏ.சி.எக்ஸ். தளம் கேட்பதை (டெசிபலில்) வைத்துக்கொள்ளுங்கள்: குரலின் சராசரி -23க்கும் -18க்கும் நடுவே, உச்சம் -3ஐத் தாண்டக் கூடாது, பேசாத இடத்தில் சத்தம் -60க்குக் கீழே. துணி அடுக்கும் அறையிலிருந்து இந்த அளவை எட்ட முடிகிறது.

பாடுபவர், கீபோர்ட் வாசிப்பவர் என்றால் கதை வேறு. பல டிராக் வேண்டும், இன்டர்ஃபேஸ் வேண்டும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் வேண்டும். ரீப்பர் மென்பொருளை 60 நாள் சோதித்துப் பார்த்து 60 டாலர் கொடுத்து வாங்கலாம், மேக் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். நீங்கள் கதை வாசிக்கிறேன் என்று சொன்னதால் அதற்குள் போகவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. "இப்போதுதான் கம்ப்யூட்டரே வாசிக்குமே, நீங்கள் எதற்கு மெனக்கெடுகிறீர்கள்?" என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. வாசிக்கும்தான். என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் படிக்கும். ஆனால் கோப்பு யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) இருக்க வேண்டும். பிள்ளைகள் கைக்கு வரும் பாடங்களில் பல இன்னும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த பி.டி.எஃப்., இல்லாவிட்டால் கோணலாக ஸ்கேன் எடுத்த படம். திரைவாசிப்பானுக்கு முதலாவது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை, இரண்டாவது வெற்றுத்தாள். பார்வையற்றவர்கள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவது குற்றமில்லை என்று பதிப்புரிமைச் சட்டத்திலேயே 2012-இல் திருத்தம் வந்துவிட்டது. இதற்கான மாராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. அப்படியிருந்தும் ஒரு பதிப்பகத்திடம் டைப் செய்த மூலக் கோப்பைக் கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. நேரில் போனபோது "புத்தகம் வாங்கி வாசிச்சுக் குடுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோப்பைக் கொடுத்து யூனிகோடுக்கு மாற்றவிட்டால் நான் மாதக்கணக்கில் வாசிக்க வேண்டியதை ஒரு மாணவர் அன்றைக்கே படிக்கத் தொடங்கிவிடுவார். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் பதிப்பகத்தில், பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்று எழுதுகிறேன்.

கடைசியாக, அனுப்பும் வடிவம். மூலத்தை வேவ் கோப்பாக ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்களுக்கு மோனோ எம்.பி.3, 64 கே.பி.பி.எஸ். போதும். ஒரு மணி நேரப் பதிவு 30 எம்.பி.க்குள் அடங்கிவிடும், டேட்டா பேக்கை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்களும் இறக்கிக்கொள்ளலாம். எதையும் வாங்குவதற்கு முன்னால் இப்போது இருக்கும் லேப்டாப்பிலேயே, சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் கதை வாசித்து இணைப்பைக் கமெண்டில் போடுங்கள். கேட்டுவிட்டு, உங்களுக்கு மைக் முதலில் தேவையா ஜமுக்காளம் முதலில் தேவையா என்று சொல்கிறேன்.