இதயம்தானே பலவீனம், தொடைக்கு எதற்கு மின்தூண்டல்?

கேள்வி: இதயச் செயலிழப்பு உள்ள என் அப்பாவுக்கு வயது 68. நாலு எட்டு நடந்தாலே கால் துவண்டுவிடுகிறது. தொடையில் கரண்ட் வைக்கலாம் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். இதயத்துக்கு ஆபத்தில்லையா? மெஷின் வாங்கி நாங்களே வைக்கலாமா?

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள். அப்பாவின் நெஞ்சில் பேஸ்மேக்கரோ, ஐசிடியோ (இதயம் ஆபத்தாகத் துடித்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) பொருத்தியிருக்கிறதா? தொடையில் பாயும் மின்துடிப்பை ஐசிடி ஆபத்தான இதயத் துடிப்பு என்று தப்பாக எடுத்துக்கொண்டு ஷாக் கொடுத்துவிடக்கூடும். பேஸ்மேக்கர், இதயம் தானாகவே துடிக்கிறது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடக்கூடும். அப்படி ஏதாவது இருந்தால், இதய மருத்துவர் பார்த்துச் சம்மதிக்கும் வரை வேண்டவே வேண்டாம்.

இல்லையென்றால் பயம் குறைவு. இந்தச் சிகிச்சை குறிவைப்பது இதயத்தை அல்ல, தசையை. இதயச் செயலிழப்பில் கால் தசையும் மெலிகிறது. களைக்காமல் உழைக்கும் இழைகள் அதில் குறைந்துபோகின்றன. மூச்சு வாங்கும் முன்பே சிலருக்குக் கால் ஓய்ந்துவிடுவது இதனால்தான்.

தொடையின் முன்பக்கம் பட்டைகளை ஒட்டுவார்கள். சில விநாடி கரண்ட், அப்புறம் ஓய்வு, மறுபடி கரண்ட். ஒவ்வொரு முறையும் தொடை இறுகி, முட்டிச்சில்லு லேசாக மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். தெரியவும் வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது. வெறும் சுருசுருப்போடு நின்றால் தசை வேலை செய்யவில்லை. வலி நிவாரணத்துக்கென்று விற்கும் டென்ஸ் மெஷின் வேறு, இது வேறு. அதனால் நீங்களாக எதையும் வாங்காதீர்கள்.

ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 30 முதல் 60 நிமிடம், வாரத்தில் 5 நாள் என்று சில வாரங்கள் கொடுத்திருக்கிறார்கள். தொடை வலு கூடுகிறது, 6 நிமிட நடைச் சோதனையில் கூடுதல் தூரம் நடக்கிறார்கள். நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ முடிகிறவருக்கு அந்தப் பயிற்சிதான் மேல். முடியாதவரை அதற்குத் தயார்செய்யத்தான் இது.

காலில் ரத்தக்கட்டி, புண் இருந்தால் கூடாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்திருந்தால் தோல் பொசுங்குவதுகூடத் தெரியாது. கால் வீங்கியிருந்தால் கரண்ட் தசைக்குச் சரியாகப் போய்ச்சேராது, முதலில் நீர் வடியட்டும்.

ஆரம்பத்தில் சில முறை பிசியோதெரபிஸ்ட் முன்னிலையிலேயே, ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்துச் செய்யுங்கள். சரிப்பட்டால், பட்டை ஒட்டும் இடத்தைப் பேனாவால் குறித்து வாங்கிக்கொண்டு வீட்டில் தொடரலாம். இடையில் 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ மெஷினை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.