ஆகஸ்ட் வந்தால் படுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட்

கே: எங்கள் லுங்கி கடையின் மாதக் கணக்கைத் தனித்தனி ஃபோல்டரில் எடுத்து வைக்க பிப்ரவரியில் பாஷில், அதாவது கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் நிரலில், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். தேதியிலிருந்து மாதத்தை எடுத்து, ஒன்றைக் கழித்து, போன மாதம் எது என்று கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். ஜூலை வரை ஒழுங்காக ஓடியது. ஆகஸ்ட் 1 காலையில் 08 என்ற எண் சரியில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இது பாஷின் பிழைதானே? யாரிடம் சொல்வது?
– குடியாத்தம் வாசகர்

ப: கொஞ்சம் பொறுங்கள், அக்டோபர் 1 அன்று அது தானாகவே ஓடும்! பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை பாஷ் எட்டடிமான எண்ணாக, அதாவது ஆக்டலாக எடுத்துக்கொள்கிறது, சி மொழியிலிருந்து வந்த பழக்கம் இது. அந்தக் கணக்கில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். 01 முதல் 07 வரை எந்த அடிமானத்தில் பார்த்தாலும் மதிப்பு ஒன்றுதான் என்பதால் இத்தனை மாதம் தப்பு வெளியே தெரியவில்லை, 08-ம் 09-ம் வந்ததும் மாட்டிக்கொண்டது, 10-க்கு அப்புறம் முன்னால் பூஜ்யமே இல்லை. காலை 8 மணிக்கும் 9 மணிக்கும் மட்டும் தகராறு செய்யும் ஸ்கிரிப்டுகளுக்கும் பெரும்பாலும் இதேதான் காரணம். கையேட்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள், அதனால் இதைப் புகாராக அனுப்பினால் எடுபடாது.

மாறியின் டாலர் குறிக்கு முன்னால் 10# என்று ஒட்டிவிடுங்கள், பத்தடிமானமாகப் படிக்கும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்றே இருக்கட்டும். வெறும் எஸ்ஹெச் (sh) என்று போட்டால் உபுண்டுவில் 2006-லிருந்தே டாஷ் என்ற வேறு ஷெல்தான் வருகிறது, அதற்கு 10# புரியாது. அப்புறம், ஜனவரியில் ஒன்றைக் கழித்தால் பூஜ்யமாவது மாதம் வருமே, அதைப் பார்த்தீர்களா?

கே: பாஷில் ஒரு ஃபைலை பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் | குறி) வழியாக வைல் லூப்புக்குள் அனுப்பி வரிகளை எண்ணினேன். லூப் முடிந்ததும் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடுகிறது. தோழி வைத்திருக்கும் இசட்ஷெல் (zsh) என்ற வேறு ஷெல்லில் சரியாக வருகிறது.
– காட்பாடி கல்லூரி மாணவி

ப: இதுவும் பிழை இல்லை. பாஷ் பைப்பின் ஒவ்வொரு பகுதியையும் தனித் துணை ஷெல்லில் ஓட்டும், அங்கே கூட்டியது அங்கேயே போய்விடும். இசட்ஷெல் கடைசிப் பகுதியை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பைப்பை விட்டுவிட்டு லூப்பின் முடிவில் < குறி போட்டு ஃபைலை உள்ளே கொடுங்கள், சரியாகிவிடும்.

கே: அப்படியானால் உண்மையான பிழையை எப்படித்தான் தெரிவிப்பது?
– ஆற்காடு வாசகர்

ப: பாஷோடு பாஷ்பக் என்றே ஒரு கட்டளை வருகிறது. பாஷின் பதிப்பு, இயங்குதளம், எந்த கம்பைலரில் கட்டப்பட்டது என்பதையெல்லாம் அதுவே நிரப்பி ஒரு படிவத்தைத் திறக்கும், நீங்கள் எழுத வேண்டியது என்ன நடந்தது, மறுபடி எப்படி வரவழைப்பது என்பதுதான். அந்த இரண்டாவது பகுதியில்தான் எல்லாமே இருக்கிறது. 'ஷெல் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் அது நம்ம பாலாறு மாதிரி, பேர் இருக்கும், தண்ணீர் இருக்காது. உங்கள் 300 வரி ஸ்கிரிப்டை அப்படியே அனுப்பாதீர்கள், வெட்டி வெட்டி, பிழை இன்னும் வருகிற மூன்று நான்கு வரியாக்குங்கள், உங்கள் சொந்த அமைப்புகள் எதுவும் ஏறாதபடி பாஷை வெறுமையாகத் திறந்து அதிலும் வருகிறதா என்று பாருங்கள். பாதி 'பிழைகள்' இந்த வெட்டும் வேலையிலேயே காணாமல் போய்விடும், எனக்கே பலமுறை அப்படி ஆகியிருக்கிறது.

பாதுகாப்பு ஓட்டை என்றால் மட்டும் எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடாதீர்கள். 2014-ல் பாஷில் ஷெல்ஷாக் என்ற ஓட்டையைக் கண்டுபிடித்த ஸ்டெஃபான் ஷாசலாஸ் பாஷைப் பராமரிக்கும் செட் ரேமியிடம்தான் முதலில் தனியாகச் சொன்னார், செப்டம்பர் 24 அன்று விஷயம் வெளியானபோது திருத்தமும் கையில் இருந்தது. அது போதாமல் அடுத்த சில நாட்களில் இன்னும் சில திருத்தங்கள் வந்தன என்பது வேறு கதை.