பேருக்குப் பின்னாடி ஒண்ணும் இல்லாததால என்னதான் மாறிச்சு?

கேள்வி இதுதான்: "தமிழ்நாட்டுல யாரும் பேருக்குப் பின்னாடி சாதி போடறதில்லன்னு பெருமையா சொல்றோம், ஆனா எல்லாருக்கும் எல்லாரோட சாதியும் தெரியுது, அப்புறம் இதுல என்ன பெருமை வேண்டிக்கெடக்கு?"

கேட்டவர் கொஞ்சம் கடுப்புலதான் கேட்டிருக்கார், எனக்கும் அந்த கடுப்பு பல வருஷமா இருந்துச்சு. இப்பவும் முழுசா போகல. ஆனா நடுவுல கொஞ்ச வருஷம் வெளியூர்ல இருந்துட்டு வந்ததால என் பதில் கொஞ்சம் மாறிடுச்சு, அத சொல்றேன்.

2014ல வேலைக்காக புனே போனேன். முதல் நாள் ஜாயினிங் ஃபார்ம்ல ஃபர்ஸ்ட் நேம், மிடில் நேம், லாஸ்ட் நேம்னு மூணு கட்டம். என்கிட்ட இருந்தது ஒரு பேரும் ஒரு இனிஷியலும். இனிஷியல லாஸ்ட் நேம் கட்டத்துல போட்டேன், சிஸ்டம் ஒத்துக்கல, குறைஞ்சது ரெண்டு எழுத்து வேணுமாம். சரின்னு அப்பா பேரை முழுசா எழுதினேன், அன்னிலருந்து மூணு வருஷம் ஆபீஸ்ல என் பேரு முருகேசன். மெயில்ல முருகேசன், கேன்டீன்ல முருகேசன், அப்ரைசல்ல முருகேசன் இன்னும் முன்னேறணும்னு எழுதியிருந்தாங்க. அப்பாகிட்ட போன்ல சொன்னேன், "முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு மெமோ வாங்கினதில்லடா, உன்னால வாங்கிட்டேன்"னாரு.

இதெல்லாம் நம்ம ஆளுங்க எல்லாருக்கும் நடக்கறதுதான். என் ரூம்மேட்டுக்கு அமெரிக்க விசாவுல முதல் பேரு எஃப்.என்.யூ.ன்னு வந்துச்சு, முதல் பேர் தெரியலன்னு அர்த்தம், பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருந்தா இருக்கற ஒத்தப் பேரை தூக்கி சர்நேம்ல போட்டுட்டு முதல் பேருக்கு இத ஒட்டிடுவாங்க. அமீரகம்கூட 2022 நவம்பர்ல ஒத்தப் பேர் பாஸ்போர்ட்டுக்கு டூரிஸ்ட் விசா கிடையாதுன்னு சொல்லி நம்ம ஊர் ஏர்போர்ட்ல ஒரே கலவரம், அப்புறம் பாஸ்போர்ட் பின்பக்கம் அப்பா பேர் இருந்தா பரவால்லன்னு இறங்கி வந்தாங்க. போகட்டும், விஷயம் அது இல்ல.

புனேல எங்க டீம்ல பதினாலு பேரு, அஞ்சாறு மாநிலம். மூணு வருஷத்துல அங்க யாரும் யாரையும் சாதி கேட்டு நான் பாத்ததே இல்ல. அடடா எவ்ளோ நாகரிகமான ஊருன்னு நெனச்சேன், ஊருக்கு போன் பண்ணி பெருமையா வேற சொன்னேன். அப்புறம்தான் மெதுவா உறைச்சுது, அங்க கேக்கவேண்டிய அவசியமே இல்ல, எல்லாரோடதும் ஐடி கார்டுல எழுதி கழுத்துல தொங்குது. சர்நேம பாத்த ஒரே செகண்ட்ல இவன் யாரு, அவன் வீட்ல என்ன சாப்பிடுவாங்க, பொண்ணு குடுக்கலாமா கூடாதா வரைக்கும் மனசுக்குள்ள கணக்கு முடிஞ்சிருது. டீம்ல பீகார் பையன் ஒருத்தன் சர்நேம் இருக்கற இடத்துல குமார்னு மட்டும் போட்டிருப்பான். ஒரு நாள் டீ குடிக்கறப்ப அவன் இல்லாத நேரம் பாத்து ஒருத்தர் சிரிச்சுட்டே, "குமார்னு நிறுத்திட்டான்னா புரிஞ்சுக்க வேண்டியதுதான்"னாரு. அதாவது எல்லாரும் போடற இடத்துல ஒருத்தன் மட்டும் போடலைன்னா அவன்தான் மாட்டிக்குவான், போடாததே ஒரு சாதிப்பேரு ஆயிடும்.

இது மண்டைல ஏறினப்புறம்தான் நம்ம ஊர்ல நடந்தது சின்ன விஷயம் இல்லன்னு தோணுச்சு. இங்க ஒரு ஆள் ரெண்டு ஆள் விடல, மொத்தமா சேந்து விட்டாங்க, அதுவும் சாதிப் பட்டம் போட்டா மரியாதை கூடும்ங்கற நெலமைல இருந்தவங்க முதல்ல விட்டாங்க. பெரியார் 1927 கடைசிலயே 'குடி அரசு'ல தன் பேர்லருந்து நாயக்கர தூக்கிட்டாரு. 1929 பிப்ரவரி செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்த எல்லாரும் விடணும்னு தீர்மானமே போட்டாங்க, சிவகங்கை ராமச்சந்திர சேர்வை அங்கயே சேர்வைய விட்டுட்டு வெறும் ராமச்சந்திரன் ஆனாரு. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். தி.நகர் பாண்டி பஜார்ல நின்னு செருப்புக்கு பேரம் பேசறோமே, அந்த 'பாண்டி' இவர்தான், பாதி பேருக்கு இது தெரியாது.

சரி, அதனால சாதி போச்சா? இல்ல. எங்க போச்சுன்னா, வாசல்லருந்து உள்ள போயிருச்சு. 2018ல சென்னை திரும்பி வந்து மடிப்பாக்கத்துல வீடு தேடினேன். ஒரு ஹவுஸ் ஓனர், ரிட்டயர்டு ஆளு, ரொம்ப தன்மையா பேசினாரு, காபியெல்லாம் குடுத்தாரு. அவருக்கு என்னப்பத்தி ஒண்ணே ஒண்ணு தெரியணும், ஆனா அத வாயத் தொறந்து கேக்க முடியல.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சங்கரன்கோவில் பக்கம் சார்."

"பக்கம்னா?"

ஊர் பேரைச் சொன்னேன். ஊர்ல வீடு எந்தப் பக்கம்னு கேட்டாரு, பஸ் ஸ்டாண்டுலருந்து நடக்கற தூரம்தான்னேன். அப்பா பேரு கேட்டாரு, முருகேசன்ங்கற பேர வச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது. அம்மா ஊரு தென்காசின்னேன், அதுவும் உதவல. கடைசியா குலதெய்வத்துக்கு வந்தாரு. "சாஸ்தா சார்"னேன். திருநெல்வேலிப் பக்கம் தெரிஞ்சவங்களுக்கு இதுல உள்ள சங்கடம் புரியும், அங்க முக்காவாசி சாதிக்கு சாஸ்தாதான் குலதெய்வம், பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும்தான் மூட்டை கட்டிட்டு கோயிலுக்குப் போவோம். மனுஷன் விடல, "எந்த சாஸ்தா?"ன்னாரு. உள்ள அவர் வீட்டம்மா சிரிப்ப அடக்கறது எனக்கே கேட்டுச்சு. அப்புறம் நான்வெஜ் சாப்பிடுவீங்களா, ஆபீஸ்ல உங்க ஊர்க்காரங்க யாரெல்லாம் இருக்காங்கன்னு ஒரு சுத்து. இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. கிளம்பறப்ப அவரே கேட் வரைக்கும் வந்து, "நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல தம்பி, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு"னாரு. நான் எதயாவது கேட்டேனா, அவரா சொல்றாரு.

வீடு கிடைக்கல. தம்பி மகன் வர்றான்னு ரெண்டு நாள் கழிச்சு போன் வந்துச்சு.

அப்ப புனேக்கும் மடிப்பாக்கத்துக்கும் என்ன வித்தியாசம், ரெண்டு இடத்துலயும் சாதி பாக்கறாங்கதானேன்னு கேப்பீங்க. சாதி பாக்கறதப் பொறுத்தவரைக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அந்த கேட்டுகிட்ட அவர் மூஞ்சில ஒரு நெளிவு இருந்துச்சு பாருங்க, அதுதான் வித்தியாசம். தான் செய்யறது அசிங்கம்னு அவருக்கே தெரியுது. எங்க தாத்தா காலத்துல யாரும் நெளியல, டீக்கடை வாசல்லயே "நீ எந்த ஆளுடா"ன்னு சத்தமா கேட்டு அதுக்கு ஏத்த கிளாஸ எடுத்து வைப்பாங்க. நேரா கேட்டவன இருபத்தஞ்சு நிமிஷம் சுத்த விட்டிருக்கோம். என்னோட பதிலே இவ்ளோதான், கேக்கறவனுக்குக் கூச்சம் வந்திருக்கு. இது போதுமான்னா போதாது, ஆனா இத ஒண்ணுமே இல்லன்னு தூக்கிப்போடவும் எனக்கு மனசு வரல.

(இந்நேரம் சாஸ்தா, சங்கரன்கோவில், முருகேசன் எல்லாத்தயும் கூட்டிக் கழிச்சு நான் என்ன ஆளுன்னு கணக்கு போட ஆரம்பிச்சிருந்தீங்கனா, பரவால்ல, நானும் மத்தவங்க பதில படிக்கறப்ப அத செய்றவன்தான்.)

இப்ப பயமா இருக்கறது என்னன்னா, அந்தக் கூச்சமே கொறஞ்சுட்டு வருது. எங்க பக்கம் ஸ்கூல் பசங்க கையில கலர் கலரா கயிறு கட்டுறாங்க, எந்தக் கலர் எந்த சாதின்னு ஏழாவது படிக்கறவனுக்குத் தெரியும். பேர்ல இல்லாதது மணிக்கட்டுக்கு வந்துருச்சு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில கூடப் படிக்கற பையனயே வீடு பூந்து வெட்டினாங்க, தடுக்கப்போன தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம் அரசாங்கம் போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூன்ல அறிக்கை குடுத்துச்சு, கயிறு, மோதிரம், நெத்திப்பொட்டு எதுவும் சாதி அடையாளமா இருக்கக் கூடாதுன்னு அதுலயே இருக்கு. அறிக்கை வந்த கையோட அதுக்கு எதிர்ப்பும் வந்துச்சு. இன்ஸ்டால பாத்தீங்கனா அப்பா தாத்தா விட்ட சாதி வால பேரன் எடுத்து ஐடில ஒட்டியிருக்கான், கூட சிங்கம் எமோஜி வேற. இதுல ஒரு கொடுமை, 2023ல நடிகை சம்யுக்தா என்னை மேனன்னு கூப்பிடாதீங்கன்னு ப்ரமோஷன்ல சொன்னாங்க, கேரளாலருந்து வந்த பொண்ணு அத விடுது, நம்ம பசங்க எடுத்து மாட்டிக்கறாங்க.

உடனே ஒருத்தர் வந்து "சர்டிபிகேட்ல மட்டும் சாதி வேணும், பேர்ல வேணாமா"ன்னு கேப்பாரு, வருஷா வருஷம் கேக்கறாங்க. சுகர் இருந்தா டெஸ்ட் ரிப்போர்ட்ட ஃபைல்ல வச்சு டாக்டர்கிட்ட காட்டறோம், நெத்தில ஒட்டிட்டு தெருவுல திரியறதில்ல. 69 சதவீத இட ஒதுக்கீடு எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம், தெரியாத மாதிரி நடிக்கறவங்களுக்கு விளக்கி பிரயோஜனமும் இல்ல.

அரசாங்கமும் சும்மா இல்ல. 2025ல காலனிங்கற வார்த்தைய அரசு ஆவணத்துலருந்து எடுக்கறோம்னாங்க, நல்ல விஷயம், அந்த வார்த்தைய ஒரு மாதிரி இழுத்து சொல்றப்ப வர்ற அர்த்தம் கேட்டவங்களுக்குத்தான் தெரியும். அக்டோபர்ல தெரு பேர், ஊர் பேர்லருந்து சாதிய எடுக்க ஆணையும் வந்துச்சு, அதே அக்டோபர்ல கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டுல 10.1 கிலோமீட்டர் பாலத்தத் திறந்து ஜி.டி. நாயுடு மேம்பாலம்னு பேரும் வச்சாங்க. நாயுடுவ எடுத்துட்டா வெறும் ஜி.டி.ய யாருக்குத் தெரியும்னு ஒரு கோஷ்டி, சட்டம்னா எல்லாருக்கும்தானேன்னு ஒரு கோஷ்டி, ரெண்டு பக்கமும் மீம் பறந்துச்சு. எனக்கு ரெண்டு பேர் சொன்னதும் சரியாத்தான் பட்டுச்சு. செத்துப் போனவங்க பேர்லருந்து எடுக்கறது ஒரு குழப்பம், ஆனா இனிமே பொறக்கப்போற பிள்ளைக்கு ஒட்டாம இருக்கறதுல என்ன குழப்பம்?

கடைசியா எங்க வீட்டுக் கதை. போன வருஷம் தங்கச்சி கல்யாணம். பத்திரிகை ப்ரூஃப் பாக்க பெரியப்பா வந்தாரு, தாத்தா, அப்பா, தன்னோட பேரு, மாமாங்க எல்லார் பேருக்குப் பின்னாடியும் பட்டம் வரணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நான் முடியாதுன்னேன். பிரஸ் அண்ணாச்சி பல குடும்பத்த பாத்தவரு, "தம்பி, போட்டாலும் அதே ரேட்டுதான் போடாட்டியும் அதே ரேட்டுதான், ஆனா போடாம அடிச்சுட்டு நாலு நாள் கழிச்சு மறுபடியும் அடிக்க வந்தவங்க இருக்காங்க, வீட்ல பேசிட்டு வாங்க"ன்னு ப்ரூஃப சுருட்டிக் குடுத்துட்டாரு. வீட்ல ரெண்டு நாள் சோறு இறங்கல யாருக்கும். அம்மாதான் பஞ்சாயத்த முடிச்சாங்க, செத்துப்போன தாத்தாங்க ரெண்டு பேருக்கும் இருக்கட்டும், உசுரோட இருக்கறவங்க யாருக்கும் வேணாம்னு.

அப்படியே அடிச்சோம். பெரியப்பா தன் பங்குக்கு நூறு பத்திரிகை வாங்கிட்டுப் போனாரு. ஒரு வாரம் கழிச்சு அவர் வீட்டுக்குப் போனா, டேபிள்ல உக்காந்து ஒவ்வொரு பத்திரிகையிலயும் தன் பேருக்குப் பக்கத்துல கறுப்புப் பேனாவால பட்டத்த எழுதிட்டிருக்காரு, பிரிண்ட் எழுத்து மாதிரியே நிறுத்தி நிதானமா. பக்கத்துல தனியா ஒரு முப்பது பத்திரிகை ரப்பர் பேண்ட் போட்டு இருந்துச்சு, அதுல எழுதல. இது என்ன பெரியப்பான்னேன்.

"அது ஆபீஸ்ல குடுக்கறதுடா"ன்னாரு, தலைய நிமிராம.