ஹோபி 16-ஆ, எஃப்18-ஆ? முதலில் கரையில் போய் எண்ணிப் பாருங்கள்

கேள்வி: டெக்சஸில் ஓர் ஏரிக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். நானும் மனைவியும் இரண்டு கோடையாக வாடகைப் படகில் பாய் பிடித்து ஓட்டக் கற்றுக்கொண்டோம். இருவர் எடையும் சேர்த்து 126 கிலோ. பழைய கேட்டமரான், அதாவது இரட்டை உடல் பாய்ப்படகு, ஒன்றை வாங்கி ரெகட்டா என்ற பாய்ப்படகுப் போட்டியில் கலந்துகொள்ள ஆசை. ஹோபி 16 வாங்குவதா, எஃப்18 வாங்குவதா? எங்களைப் போன்ற புதியவர்களை அங்கே சேர்த்துக்கொள்வார்களா?

பதில்:

ஒரு சனிக்கிழமை காலையில் ஏரிக்கரைக்குப் போய் என்ன படகு எத்தனை நிற்கிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள். ஏழு ஹோபி 16 நின்று ஓரத்தில் ஒரே ஒரு எஃப்18 நின்றால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எதிர்மாறாக இருந்தாலும் அப்படித்தான். வேகம், அழகு, விலை எல்லாம் அப்புறம்தான். கூடப் போட்டியிட ஆள் இல்லாத படகு எவ்வளவு நல்ல படகானாலும் இரண்டாவது வருடமே தார்பாய்க்கு அடியில் போய்விடும், நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, இரண்டும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்ட இரண்டும் அடிப்படையிலேயே வேறு வகை. ஹோபி 16 எல்லாமே ஒரே அச்சில் வார்த்தது. கலிஃபோர்னியாவில் சர்ஃப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர், அலை அடிக்கும் கடற்கரையிலிருந்தே நேராகத் தள்ளிவிடும்படி ஒரு படகு வேண்டும் என்று செய்தது. முதலில் ஒருவர் ஓட்டும் 14 அடி வந்தது, பிறகு இருவருக்கான 16. உலகம் முழுக்க 1 லட்சத்துக்கு மேல் ஓடிவிட்டன. நீளம் சுமார் 5 மீட்டர், எடை சுமார் 145 கிலோ. அதன் இரண்டு ஹல்களையும், அதாவது மிதக்கும் அந்த இரு உடல்களையும், கிட்டத்தில் போய்ப் பாருங்கள்: வெளிப்பக்கம் தட்டையாகவும் உள்பக்கம் வளைந்தும் இருக்கும். பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க மற்ற படகுகளுக்குத் தண்ணீருக்குள் இறங்கும் பலகை வேண்டும், இதற்கு அந்த வளைவே போதும். அதனால்தான் மணலில் அப்படியே ஏற்றிவிட முடிகிறது.

எஃப்18 என்பது ஒரு படகின் பெயரே அல்ல, ஒரு விதிமுறை. நீளம் 5.52 மீட்டர், அகலம் 2.60 மீட்டர், எடை 180 கிலோவுக்குக் குறையக்கூடாது, பாய்ப்பரப்புக்கு இவ்வளவு என்று எல்லை போட்டுவிட்டு, அதற்குள் எந்த நிறுவனம் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆகவே போட்டி ஓட்டுகிறவர்களுக்குள் மட்டுமல்ல, வடிவமைக்கிறவர்களுக்குள்ளும் நடக்கிறது. நேற்று வந்த மாடல் பத்து வருடப் பழசைக் கொஞ்சம் முந்தும். ஸ்பின்னக்கர் என்ற பெரிய முன்பாய் உண்டு, தண்ணீருக்குள் இறக்கும் பலகையான டாகர்போர்டு உண்டு, இழுத்துச் சரிசெய்ய வேண்டிய கயிறு மட்டும் ஹோபியைவிட இரண்டு மடங்கு. இரண்டு கோடை அனுபவத்துக்கு இது அதிகம் என்பது என் கருத்து. பிடிவாதமாக இருந்தால் வாங்குங்கள், முதல் வருடம் ஸ்பின்னக்கரைப் பையை விட்டு எடுக்காமல் ஓட்டுங்கள்.

மற்றவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ-கிளாஸ் ஒருவர் மட்டும் ஓட்டுவது, 75 கிலோ, இறகு மாதிரி, வீட்டில் இரண்டு பேர் இருக்கும்போது அதை வாங்கினால் சண்டைதான் வரும். டொர்னாடோ 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்த ராஜா, ஆனால் 3 மீட்டருக்கு மேல் அகலம், சாலையில் இழுத்துப்போக ஒவ்வொரு முறையும் கழற்றவோ சாய்க்கவோ வேண்டும். நாக்ரா 17 ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓட்டுவது, இப்போது தண்ணீருக்கு மேலே பறக்கிறது. பார்த்து ரசிக்கலாம்.

உங்கள் எடைக்கு ஹோபி 16 பொருந்துகிறது. அந்த வகுப்பில் இருவருக்கும் சேர்த்துக் குறைந்தபட்சம் 285 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 129 கிலோ. நீங்கள் 3 கிலோ குறைவு. பெரிய போட்டி என்றால் அந்த வித்தியாசத்தைச் சுமையாகப் படகில் ஏற்றவேண்டும். உள்ளூர்ப் போட்டியில் பெரும்பாலும் தராசே இருக்காது. கணவன்-மனைவி, அப்பா-மகள் ஜோடிகள் இந்த வகுப்பில் நிறைய இருப்பதற்கு இந்த எடைக் கணக்கும் ஒரு காரணம்.

ஆனால் கவிழ்ந்தால் நிமிர்த்த அதே 126 கிலோ கொஞ்சம் இழுபறிதான். மெயின்பாய் என்ற பெரிய பாய், ஜிப் என்ற சின்ன முன்பாய் இரண்டின் கயிற்றையும் முதலில் விடுவித்துவிட்டு, மூக்கு காற்றைப் பார்க்கும்படி திருப்பி, நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்து இருவரும் முடிந்தவரை தண்ணீரை ஒட்டிச் சாயவேண்டும். தண்ணீர் நிரப்பித் தோளில் மாட்டிக்கொள்ளும் பை ஒன்று கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். காற்று பின்னாலிருந்து பலமாக வரும்போது இருவரும் பின்பக்கம் நகருங்கள். இல்லையென்றால் காற்று தள்ளும் பக்கத்து மூக்கு தண்ணீருக்குள் குத்தி, படகு தலைகுப்புறப் போகும், நீங்கள் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் தொங்கிக்கொண்டே முன்னால் பறப்பீர்கள். இன்னொன்று, இந்தப் படகு காற்றுக்கு எதிரே திரும்பச் சோம்பல்படும். திரும்பும்போது ஜிப்பை அவசரப்பட்டு மாற்றவேண்டாம். பழைய பக்கமே பிடித்திருந்தால் காற்று அதில் அடித்து மூக்கைத் தள்ளிவிடும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். முதல் ரெகட்டாவில் பாதிப் பேர் தோற்பது இந்த ஓர் இடத்தில்தான்.

பழைய படகைப் பார்க்கப் போகும்போது கண்ணைவிடக் கட்டைவிரலை நம்புங்கள். ஹல்லின் மேல்தளத்தை, முக்கியமாக முன் தூண் நிற்கும் இடத்தைச் சுற்றி, அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போங்கள். பிஸ்கட் டின் மூடி மாதிரி உள்ளே போய் வந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று அர்த்தம், பேரம் பேசாமல் கிளம்பிவிடலாம். இரு ஹல்களுக்கு நடுவே உட்காரக் கட்டிய துணியான டிராம்போலினின் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள், வெயிலில் மட்கியிருந்தால் நூல் பொடியாக உதிரும். அது மாற்றிவிடக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பாய்மரத்தின் மேல்பகுதி ஃபைபர் கிளாஸா என்று கட்டாயம் பாருங்கள். ஆரம்பகாலப் பாய்மரங்கள் முழுக்க அலுமினியம். மேலே போகும் மின்கம்பியில் பட்டு ஆட்கள் செத்த பிறகுதான் மின்சாரம் கடத்தாத மேல்முனை வந்தது. புது முனை இருந்தாலும் கம்பி கம்பிதான். வண்டி நிறுத்துமிடத்தில் பாய்மரத்தைத் தூக்குமுன் ஒருமுறை, தூக்கியபடி படகைத் தள்ளுமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சேர்த்துக்கொள்வார்களா என்றால், சேர்க்காமல் அவர்களால் இருக்கவே முடியாது. 26 அடிப் பாய்மரத்தை ஒருவர் தனியாகத் தூக்க முடியாது, படகைத் தனியாக மணலில் ஏற்ற முடியாது. இன்று நீங்கள் கை கொடுத்தவர் பத்து நிமிடத்தில் உங்களுக்குக் கை கொடுக்க வருவார். பெரிய கிளப்களில் படகு கட்டுத்துறையில் நிற்கும், வேலைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், அங்கே இந்த ஒட்டுதல் குறைவு. இங்கே மணல்தான் எல்லோரையும் ஒட்டவைக்கிறது.

என் கதையைக் கேளுங்கள். முதல் ரெகட்டாவுக்குப் போன காலை, பரபரப்பில் ஒரு ஹல்லின் பின்புறத்து வடிகால் பிளக்கை மாட்ட மறந்துவிட்டேன். கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும் அந்தத் துண்டு. கரையிலிருந்து 200 மீட்டர் போவதற்குள் இடதுபக்கம் கனத்துப்போய் படகு நொண்ட ஆரம்பித்தது. திரும்பிவந்து இறங்கினால், அதுவரை நான் பேசியே இராத நாலு பேர் முழங்கால் தண்ணீரில் ஓடிவந்து படகைச் சாய்த்துப் பிடித்தார்கள், ஒருவர் தன் டப்பாவிலிருந்து ஒரு பிளக்கைத் திருகிவிட்டார். தண்ணீர் வடிய நேரமாகி முதல் ரேஸ் போய்விட்டது, இரண்டாவதில் கடைசிக்கு முந்தைய இடம். பிளக் கொடுத்த மனிதர் அந்த ரேஸில் முதலில் வந்தவர் என்பது மாலையில்தான் தெரிந்தது.

அமெரிக்க ஹோபி போட்டிகளில் பெரும்பாலும் ஏ, பி, சி என்று திறமைப்படி பிரிப்பார்கள், நீங்கள் சி-யில் தொடங்கலாம். காலையில் படகோட்டிகளுக்கு நடக்கும் ஸ்கிப்பர்ஸ் மீட்டிங்கைத் தவறவிடாதீர்கள், எந்த மிதவையை எந்தப் பக்கம் விட்டுச் சுற்றுவது என்பதே அங்கேதான் சொல்வார்கள். தொடக்கம் 5 நிமிடக் கணக்கு: 5-இல் வகுப்புக் கொடி ஏறும், 4-இல் இன்னொரு கொடி ஏறும், 1-இல் அது இறங்கும், 0-இல் கிளம்பவேண்டும். காற்றை இடதுபக்கம் வாங்கிக்கொண்டு போகிறவர் வலதுபக்கம் வாங்குகிறவருக்கு வழிவிடவேண்டும். இது ஒன்று தெரிந்தால் முதல் நாள் தப்பித்துவிடலாம், சந்தேகம் வந்தால் விலகிப்போங்கள். அந்த 5 நிமிடத்தில் யாரிடமும் பாடம் கேட்காதீர்கள். மாலையில் கேட்டால் மணலில் குச்சியால் படம் போட்டு விளக்குவார்கள்.

படகு வகைகள் கலந்திருந்தால், வேகமான படகையும் மெதுவான படகையும் சமன்செய்யும் ஹேண்டிகேப் கணக்கு வரும். பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஹோபி 16-க்கு எண் சுமார் 76, எஃப்18-க்கு சுமார் 62. எடுத்துக்கொண்ட நேரத்தை 100-ஆல் பெருக்கி இந்த எண்ணால் வகுக்கவேண்டும். எஃப்18 60 நிமிடத்தில் முடித்தால் 96.8 வரும், நீங்கள் 72 நிமிடத்தில் முடித்தால் 94.7, நீங்கள்தான் ஜெயித்தீர்கள். காகிதத்தில் இது நியாயம். ஆனால் காற்று ஒரே சீராக இருக்கும்வரைதான். பாதியில் காற்று விழுந்தால் மெதுவான படகுகள்தான் நடு ஏரியில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரே வகைப் படகுகள் இருக்கும் கரையைத் தேடச் சொன்னேன்.

ஒரு சின்ன விஷயம். கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது, அதில் இரண்டு ஹல் கிடையாது. பெயர் மட்டும் கடல் தாண்டிப் போய் வேறு படகில் ஒட்டிக்கொண்டது. மாலையில் எல்லோரும் சாப்பாடு பகிரும்போது சொல்ல நல்ல கதை, நான் ஒரு பாத்திரம் புளியோதரையோடு சொல்வேன், இரண்டும் மிஞ்சுவதில்லை.

படகு பார்க்கப் போகும்போது அந்தக் கரையில் ஓட்டுகிற ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள், பாதிப் பேர் சந்தோஷமாக வருவார்கள். வாங்கிய அன்றே டேப், சின்ன வளையப் பின்கள், ஷேக்கிள் என்ற இணைப்பு வளையங்கள், அப்புறம் வடிகால் பிளக் இரண்டு செட் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். இரண்டாவது செட் உங்களுக்கு இல்லை, என்னை மாதிரி எவனாவது கேட்டு வருவான்.